ஏழாவது பாட்டுக்குத் தண்ணீர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதி இந்தத் தாளில் விட்டுவைத்தால், "இது யாரு பேரு?" என்று கேட்டுக்கொண்டு நாலு ஊர் அலைந்து, கடைசியில் தன்னிடமே கொண்டுவந்து ஒப்படைத்தாலும் ஒப்படைப்பார். அப்படிப்பட்ட ஆள். போடி ஜீப்பு ஸ்டாண்டில் அவரைப் பாய் என்போம். அங்கே பாய்மார் ஏழெட்டுப் பேர் உண்டு. எந்தப் பாய் என்று யாராவது கேட்டால், "கோழியைக் கொண்டுபோய்க் குடுத்தாருல்ல, அந்தப் பாய்" என்றால் போதும்.

அந்தக் கோழி பக்கத்துத் தேவாரம் ஊருக்குப் போன சவாரி ஒன்றில் பின் சீட்டுக்கு அடியில் கிடந்தது, கால் கட்டியபடி. யார் விட்டுப்போனது என்று தெரியவில்லை. பாய் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், கட்டை அவிழ்த்து, தீனி போட்டு வைத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் தேவாரம் பக்கம் போய் விசாரித்தார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துச் சொந்தக்காரம்மா அகப்பட்டார். பாய் கோழியைக் கொடுத்தார். கூடவே ஒரு தூக்குவாளியையும் நீட்டினார். உள்ளே ஏழு முட்டை.

"எங்க வீட்ல இருந்தப்ப இட்டதுத்தா. ஒண்ணு எம் பேத்தி கைதவறி ஒடைச்சுட்டா. அதுக்குப் பதிலாத்தான் கடையில வாங்கி வச்சிருக்கேன். அந்த வெள்ளை முட்டை."

அந்தம்மா முட்டையைப் பார்க்கவில்லை, பாயின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஆளுக்கு ஏதும் கோளாறோ என்று.

இன்னொரு முறை ஒரு டிபன் கேரியர். திறந்தால் அயிரை மீன் குழம்பு. சொந்தக்காரர் மறுநாள்தான் வருவார், அதற்குள் கெட்டுவிடும். பாய் அதைச் சாப்பிட்டுவிட்டார். மறுநாள் காலை அதே கேரியரில் அதே அயிரை மீன் குழம்பு, சுடச்சுட. பாயின் மனைவி விடியுமுன்னே எழுந்து மீன் உரசி வைத்தது. அவர் ஒருநாள் எங்களிடம் சொன்னார்: "எங்கத்தா வீட்டுக்கு நான் கோவிச்சுக்கிட்டுப் போனா, கூப்புட வரவே மாட்டாரு இந்த மனுசன். நான் யாரோ ஒருத்தி ஜீப்புல தவற விட்ட பொருளுன்னு சொன்னீங்கன்னா, மறுநிமிசம் வந்து நிப்பாரு."

"பொருளுக்குக் காலு கெடையாதுத்தா. நம்ம காலுதான் போகணும்." இதைப் பாய் சொல்லாத நாள் கிடையாது. அடுத்தவர் பொருளை அமானிதம் என்பார். நம்மிடம் நம்பி விட்டது, நாம் காவல், அவ்வளவுதான். அதில் கைவைத்தால் படைத்தவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் பி.ஏ. முடித்த சர்ட்டிபிகேட்டைப் பீரோவில் பூட்டிவிட்டு, மூன்று வருஷம் அவர் ஜீப்பில் ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போனவள். சட்டம் அந்த ஜீப்பில் எத்தனை பேர் போகலாம் என்கிறதோ தெரியாது, நாங்கள் பதினாறு பெண்கள் போவோம். காலையில் ஸ்டாண்டில் ஏறினால் முந்தல் செக்போஸ்ட், அப்புறம் பதினேழு கொண்டை ஊசி வளைவு, மேலே போடிமெட்டில் ஒரு டீ, அதைத் தாண்டிக் கேரளப் பக்கத்து எஸ்டேட். என் மடியில் ஒருத்தி, அவள் மடியில் இரண்டு சோற்று வாளி. அந்த வருஷங்களை நினைத்தால் இன்றைக்கும் முழங்கால் வலிக்கிறது, சிரிப்பும் வருகிறது.

அந்த ஜீப்பில்தான் பென் டிரைவ் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் டூரிஸ்டுகளைக் குரங்கணிக்கும் மெட்டுக்கும் ஏற்றிப்போவார். அந்த ஞாயிறு நாலு சவாரி. திங்கள் விடியுமுன் வண்டி கழுவும்போது, முன் சீட்டின் இடுக்கில் விரல் நீளத்துக்கு ஒன்று. நாலு சவாரியில் யாருடையது? போன் நம்பர் எதுவும் வாங்கி வைக்கவில்லை. பாய் அதை வண்டியின் பாட்டுப் பெட்டியில் செருகினார்.

"கேட்டாத்தானத்தா தெரியும், யாரு வீட்டுப் பொருளுன்னு."

முந்தல் தாண்டியதும் பாட்டு ஆரம்பித்தது. முதலில் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல ஓர் இரைச்சல். ரொம்பப் பழைய பதிவு என்பது அதிலேயே தெரிந்தது. அப்புறம் பியானோ. அப்புறம் ஒரு பெண்.

"யாத்தே! எவளையோ தேள் கொட்டிருச்சு! பாய், வண்டிய நிப்பாட்டுங்க!" என்றார் ஒச்சம்மா அக்கா. எங்கள் பதினாறு பேரில் மூத்தவர், குரலிலும் மூத்தவர். அவர் தேனியில் தும்மினால் போடியில் "நூறாயுசு" என்பார்கள்.

வண்டி குலுங்கச் சிரித்தோம். அந்தக் குரல் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தாழத் தொடங்கி, வளைவு வளைவாக ஏறி, இனிமேல் ஏற இடமில்லை என்று நாம் முடிவுகட்டிய பிறகு இன்னும் இரண்டு படி ஏறி, அங்கே நின்று நிதானமாக நடுங்கும். என்ன பாஷை என்று தெரியாது. ஆறு பாட்டு அப்படிப் போயிற்று. ஆறுக்கும் நாங்கள் எதிர்ப்பாட்டுப் பாடினோம், ஊளையிட்டோம், ஒருத்தி சாமி வந்தவள் மாதிரி ஆடிக் காட்டினாள். போடிமெட்டில் டீக்கு நிறுத்தியபோது ஏழாவது பாட்டு வந்தது. அது மட்டும் வேறு. ஏற்றமே கிடையாது. தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடுவதுபோலத் தணிந்து, நிறுத்தி நிறுத்தி. முடிந்தது. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் அதே பெண், பாடுகிற குரலில் இல்லாமல் பேசுகிற குரலில், நல்ல தமிழில் சொன்னார்:

"கொஞ்சம் தண்ணி குடுங்களேன்."

கையில் டீ கிளாசோடு அப்படியே நின்றோம்.

"ஏய், இது நம்ம புள்ளடி!" என்று கத்தினார் ஒச்சம்மா அக்கா. "வெள்ளைக்காரின்னு நெனைச்சு என்னா பேச்சுப் பேசிப்புட்டோம்! பாவம், இந்த ஏத்தத்துல இம்புட்டு நேரம் பாடிருக்கு, நாக்கு வறண்டு போச்சு."

மறுநாள் அதே இடத்தில் அந்தக் குரல் தண்ணீர் கேட்டதும், ஒச்சம்மா அக்கா தன் பாட்டிலைப் பாட்டுப் பெட்டிக்கு நேரே நீட்டி, "இந்தா ஆத்தா, குடி!" என்றார். அதற்கு மறுநாள் பதினாறு பாட்டில் நீண்டது. அப்புறம் அது எங்கள் ஜீப்பின் வழக்கமாகிவிட்டது.

ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, பாய் பென் டிரைவைக் கழற்றவில்லை. சத்தத்தையும் குறைக்கவில்லை. செக்போஸ்ட்டில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டு, "பாய், பாட்டைக் கொறைங்க" என்றார்.

"இது பாட்டு இல்லங்கய்யா. தமுக்கு" என்றார் பாய்.

அவருடைய கணக்கு இதுதான். பொருளைத் தவறவிட்டவர் இந்த மலையில் எங்கேயோ வந்துபோகிறவர். என்றைக்காவது திரும்ப வருவார். அவர் காதில் இந்தப் பாட்டு விழுந்தால் தன் பொருள் என்று தெரிந்துகொள்வார். ஊரில் தமுக்கு அடித்துச் சேதி சொல்வதில்லையா, அதுபோல இவர் காலையிலும் மாலையிலும் பதினேழு வளைவிலும் தமுக்கு அடித்துக்கொண்டு போனார். பாட்டுப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் இருந்தது போதாதென்று, வெளியே பார்த்த மாதிரி இன்னும் இரண்டு மாட்டினார். ஏலக்காட்டுக் குரங்குகள் எல்லாம் எங்கள் ஜீப்பு வந்தால் சாலையோரம் உட்கார்ந்து கேட்கத் தொடங்கின என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பவேண்டாம், ஆனால் அவை ஓடவில்லை.

குலவை போட ஆரம்பித்தது ஒச்சம்மா அக்காதான். மூன்றாவது பாட்டு, பன்னிரண்டாவது வளைவு. அந்தக் குரல் உச்சியில் போய் நின்றதும், அக்காவால் பொறுக்க முடியவில்லை. வாய்க்குமேல் கையை வைத்து ஒரு குலவை விட்டார். பதினைந்து பேரும் கூடச் சேர்ந்தோம். மலையே திரும்பிக் குலவையிட்டது. பாய் வண்டியை ஓரம் கட்டினார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம்.

"இப்பத்தானத்தா தமுக்கு நல்லாக் கேக்கும்" என்றார். "நாளையிலிருந்து விடாமப் போடுங்க."

இந்தப் பாட்டெல்லாம் என்ன என்று எங்களுக்குச் சொன்னவர் பூப்பாறைப் பக்கத்து மாதா கோயில் அச்சன், மலையாளத்துப் பாதிரியார். மெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், ஓடிவந்து ஜீப்பில் காதை வைத்தார். வெளிநாட்டில் மேடை நாடகங்களில் பாடுகிற பாட்டு என்றார். பெண் குரலிலேயே உயரமான குரல், அதற்கு சோப்ரானோ என்று பெயர் என்றார். மூன்றாவது பாட்டைக் கேட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடினார்.

"கஷ்டம். இது மரிக்குன்ன பாட்டாணு. கதையில இந்தப் பொண்ணு இப்போ செத்துப்போகும்."

ஒரு வருஷமாகத் தினம் இரண்டு வேளை, ஒருத்தி உயிரை விடுகிற இடத்தில் குலவை போட்டிருக்கிறோம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒச்சம்மா அக்கா யோசித்தார்.

"சாகும்போதும் இம்புட்டு ஒசக்க நிக்கிறவளுக்குக் குலவை போடாம, வேற யாருக்குப் போடுறது?"

மறுநாள் குலவை இன்னும் கூடுதலாகவே இருந்தது.

ஒருநாள் நான் பாயிடம் சொன்னேன்: "என் போன்ல ஒரு காப்பி போட்டுக்கிறேன் பாய். நாளைக்கே ஆள் வந்து கேட்டா குடுத்துடுங்க. பாட்டு நம்மகிட்ட இருக்கும்ல?"

நான் ஏதோ திருடச் சொன்னதுபோலப் பார்த்தார். "அடுத்தவங்க மாட்டைக் கட்டி வச்சிருக்கோம். மாட்டைக் குடுத்துட்டுப் பாலை வச்சுக்கிறதாத்தா?"

இன்றைக்கு நான் போடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காப்பி எடுப்பதே என் பிழைப்பு. ஒவ்வொரு தாளை வைக்கும்போதும் அந்த மாடு வந்து நிற்கிறது.

பைக்கில் மலையேற வந்த ஒரு பையன், அது தன்னுடையது என்று சொல்லிக் கேட்டான். உடனே கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். பாய் நிதானமாக, "ஏழாவது பாட்டு முடிஞ்சதும் அந்தம்மா என்ன கேப்பாங்க தம்பி?" என்றார். பையன் விழித்தான். "தேங்க் யூ சொல்வாங்க" என்றான். ஜீப்பு இடிந்துவிழுகிற மாதிரிச் சிரித்தோம். அவன் ஹெல்மெட்டைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினான். அது கீழே விழுந்தது. பாய் அதை எடுத்துக்கொண்டு மூன்று வளைவு துரத்திப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனால் அன்று சாயங்காலம் இறங்கும்போது, முன் சீட்டில் நான் மட்டும் பக்கத்தில் இருக்க, மெல்லச் சொன்னார்: "அவன் தப்பாச் சொன்னதும் எனக்கு ஒரு சந்தோசம் வந்துச்சுத்தா. ஒருத்தரும் வராம இருந்தா நல்லாருக்கும்னு இந்த மனசு கெடந்து சொல்லுது. வெக்கமா இருக்கு."

சொல்லிவிட்டுக் கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார். அதன்பிறகு கவனித்தேன். எப்போதெல்லாம் அந்த ஆசை அவருக்கு வருமோ அப்போதெல்லாம் சத்தம் கூடும். மூன்றாம் வருஷம் எங்கள் காது அடைத்துப்போகிற அளவுக்குக் கூடியிருந்தது.

அந்த வருஷ ஆடிச் சாரலில்தான் அது நடந்தது. ஜீப்பின் மேல் படுதா கிழிந்து, ஒழுகிய தண்ணீர் நேராகப் பாட்டுப் பெட்டியில் இறங்கியது. பென் டிரைவைக் கழற்றினால் சொட்டுகிறது. பாய் அதைத் துண்டில் சுற்றினார்.

இப்போது நாங்கள் செய்த காரியத்தை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்கமாட்டான். எஸ்டேட்டில் பச்சை ஏலக்காயைச் சூடேற்றி உலர்த்துகிற கட்டிடம் உண்டு, அதை ஸ்டோர் என்போம். ஈரமான எதையும் நாங்கள் அங்கேதான் கொடுப்போம். சேலை, ஸ்வெட்டர், ஒருமுறை ஒருத்தியின் ரேஷன் கார்டு. "ஸ்டோர்ல போடுங்க பாய். காயி என்னா பக்குவமா வருது!" என்று பதினாறு பேரும் ஒரே குரலில் சொன்னோம். படித்தவள் நானும் சொன்னேன். ஸ்டோர்க்காரர் அதைக் கம்பி வலைத் தட்டில் ஏலக்காயோடு காயாக வைத்து உள்ளே தள்ளினார். மறுநாள் சாயங்காலம் எடுத்துக் கொடுத்தார். நல்ல முறுகலாக இருந்தது. வாசனை ஆளைத் தூக்கியது.

செருகியதும் பாடியது. குலவை போட்டே தொண்டை வலித்தது எங்களுக்கு. ஆறாவது பாட்டு முடிந்தது. அடுத்து எட்டாவது ஆரம்பித்தது.

பாய் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஆறு, எட்டு. மறுபடியும் ஆறு, எட்டு. ஏழாவது வெந்துபோயிருந்தது.

போடியில், தேனியில், மதுரையில் போன் ரிப்பேர் செய்கிறவர்கள் எல்லோரிடமும் கொண்டுபோனார். ஒருத்தராலும் முடியவில்லை. முகம் சுண்டிவிட்டது. மதியச் சோறு வாளியில் அப்படியே திரும்பியது. "அமானிதத்துல ஒண்ணைத் தொலைச்சுட்டேன். முட்டையா இது, கடையில வாங்கி வைக்க?" என்று ஸ்டியரிங்கிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில், மெட்டில் டீக்கு நின்றபோது, ஆறாவது முடிந்ததும் ஒச்சம்மா அக்கா எட்டிப் பாட்டை நிறுத்தினார். நிறுத்திவிட்டு ஏழாவதைத் தானே பாட ஆரம்பித்தார். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் மூன்று வருஷம், தினம் இரண்டு வேளை கேட்டது. இரண்டாவது வரியில் நாங்களும் சேர்ந்தோம். யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, எல்லோர் வாயிலும் இருந்தது. முடித்ததும் அக்கா ஒரு மூச்சு விட்டு, அந்தக் குரலிலேயே, "கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்றார்.

பாய் இறங்கி வந்தார். "என்னத்தா இது, அது நம்ம பொருளு இல்லையே. நீங்க எப்ப எடுத்தீங்க?"

"நாங்க எதையும் எடுக்கல பாய். காதுல விழுந்தது தொண்டையில ஒட்டிக்கிருச்சு. அறுத்தா குடுக்க முடியும்?"

பாய் ஏழாவதை இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: "அப்பச் சரி. பத்திரமா வச்சிருங்க. ஆளு வந்தா ஒப்படைக்கணும்."

அன்றிலிருந்து எங்களுக்குச் சோலி இரட்டிப்பானது. தினமும் ஏழாவது பாட்டை நாங்கள் பாட வேண்டும், பாய் சரிபார்ப்பார். "அந்த எடத்துல இன்னுஞ் செத்த இழுப்பு இருந்துச்சே, எங்க போச்சு?" "இங்க மூச்சு விடுவாங்க. நீங்க விடல." ஒரு சரக்கு குறையக் கூடாது. ஒருத்திக்குச் சளி பிடித்தால் அவர் சுக்கு மல்லி காப்பி வாங்கிக்கொடுப்பார், பொருளுக்குச் சேதாரம் வந்துவிடக் கூடாதே என்று.

தைப் பிறப்புக்குப் பிந்திய ஒரு காலை. பனி விலகவில்லை. நாங்கள் பதினேழாவது வளைவு திரும்பினோம், ஆறாவது பாட்டு உச்சியில் நின்றது, நாங்கள் குலவையில் இருந்தோம். நடுச்சாலையில் ஓர் அம்மாள் நின்றார். அறுபது வயதிருக்கும். கட்டம் போட்ட ஸ்வெட்டர், கையில் டீ கிளாஸ். பாய் பிரேக்கை மிதித்த மிதியில் நாங்கள் எல்லோரும் முன் சீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்த அம்மாள் மெட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவராம். பள்ளத்திலிருந்து, வண்டியே கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து, வளைவு வளைவாக அந்தக் குரல் ஏறிவருவது கேட்டிருக்கிறது. நடுநடுவே குலவை. தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாராம்.

"அது எங்கம்மா" என்றார். "பாடுறது எங்கம்மா."

பாய் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்தபடியே கேட்டார். "ஏழாவது பாட்டு முடிஞ்சதும்... அவங்க என்ன கேப்பாங்கம்மா?"

"தண்ணி." அந்த அம்மாள் சிரித்தார், கண்ணில் நீர் கொட்டியது. "வீட்டுலயும் பாடி முடிச்சா அதேதான். 'கொஞ்சம் தண்ணி குடுங்களேன்'. நான்தான் கொண்டுபோய்க் குடுப்பேன்."

பாய் என்ஜினை அணைத்தார். பென் டிரைவைக் கழற்றி, சட்டையில் துடைத்து, இறங்கிப்போய் இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மாள் வாங்கி, என்ன வாசனை இது என்பதுபோல மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். தாயார் பிறந்தது இந்த மலையில் ஓர் எஸ்டேட் குடியிருப்பில். கோயிலில் பாடத் தொடங்கி, பட்டணம் போய், மேடைகளில் பாடினார். அவருடைய பாட்டைப் பதிவு செய்த ஒருவர் வீட்டில் கிடந்த டேப்புகளிலிருந்து இது ஒன்றுதான் எடுக்க முடிந்தது, டேப்பெல்லாம் பூசணம் பிடித்துப் போயின. அம்மா பிறந்த மலையில் உட்கார்ந்து கேட்கலாம் என்று கொண்டுவந்தார். எங்கே விழுந்தது என்றே தெரியாமல் தொலைத்துவிட்டுப் போனார். வருஷம் ஒருமுறை வந்து இங்கே உட்கார்ந்துவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். அப்படி வந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், அன்றைக்குப் பாய் டூரிஸ்டுகளோடு குரங்கணிப் பக்கம் போயிருப்பார், அதனால் எங்கள் ஜீப்பு அவர் கண்ணில் பட்டதில்லை.

"அம்மா, பதினெட்டுப் பாட்டு இருந்துச்சு" என்றார் பாய். "பதினேழுதான் இருக்கு. எங்கைக்கு வந்தப்புறம் ஒண்ணு போச்சு. நனைஞ்சுருச்சுன்னு ஏலக்காய் ஸ்டோர்ல போட்டேன். எந் தப்பு."

"எது போச்சு?"

"ஏழு."

அந்த அம்மாளின் முகம் விழுந்தது. கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் தேவலை. "அதுல மட்டுந்தான் எங்கம்மா பேசுவாங்க" என்றார். "பேசுற குரல் வேற எதுலயும் இல்ல."

பாய் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று ஜீப்பின் பின்பக்கம் வந்தார். எங்களை அப்படி அவர் அதட்டி நான் கேட்டதில்லை.

"என்னத்தா பாத்துக்கிட்டு இருக்கீங்க? உங்ககிட்ட இருக்குல்ல? குடுங்க. வெரசா ஒப்படைங்க!"

ஒச்சம்மா அக்கா தொண்டையைச் செருமினார். நாங்கள் பாடினோம். இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தோம், மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டோம். அந்த அம்மாள் முதலில் எங்களை ஒருத்தி மாற்றி ஒருத்தியாகப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்து எங்கள் பக்கம் உயர்த்திப் பிடித்தார். பாய் உதடு அசைய எங்களோடு எண்ணிக்கொண்டே வந்தார். பாட்டு முடிந்தது. அக்கா சீட்டில் சற்று அசைந்தார், பழைய சீட்டு கிறீச்சிட்டது.

"கொஞ்சம் தண்ணி குடுங்களேன்."

மற்ற நாளாக இருந்தால் "இந்தா ஆத்தா" என்று பதினைந்து பாட்டில் நீண்டிருக்கும். அன்று ஒரு கையும் எழவில்லை. அந்த அம்மாள்தான் பைக்குள் கைவிட்டுத் தன் பாட்டிலை எடுத்தார். மூடி திருக வரவில்லை, பாய் வாங்கித் திறந்து கொடுத்தார். அந்த அம்மாளே எட்டி, எங்கள் முழங்கால்களுக்கு மேலாகக் கையை நீட்டி, ஒச்சம்மா அக்காவிடம் கொடுத்தார். அக்கா முக்கால் பாட்டில் குடித்தார். குடித்துவிட்டு வாயைத் துடைக்காமலே ஒரு குலவை விட்டார். அதுபோல ஒன்றை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"பதினெட்டும் சரியாப் போச்சாம்மா?" என்றார் பாய்.

"சரியாப் போச்சு."

"மூணு வருசம் உங்களக் கேக்காமக் கேட்டுட்டோம். ஹலாலாக்கிருங்க." மனசார விட்டுக்கொடுத்துவிடுங்கள், எங்கள் மேல் பாக்கி வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். அந்த அம்மாளுக்கு வார்த்தை புரிந்ததோ இல்லையோ, பாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். தன் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, சென்னைக்கு வந்தால் அவசியம் வரவேண்டும் என்றார்.

மிச்ச வழியைப் பாட்டில்லாமல் கடந்தோம். குரங்குகள் எங்களை ஏமாற்றத்தோடு பார்த்தன. எஸ்டேட்டில் இறங்கும்போதுதான் ஒச்சம்மா அக்கா, "பாய், அந்தம்மா பாட்டிலு எங்கிட்டயே இருக்கு" என்றார்.

மறுநாள் வேறு ஒருவர் ஜீப்பை ஓட்டிவந்தார். பாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ்சு ஏறிவிட்டார். கால் பாட்டில் தண்ணீரோடு. தண்ணீரும் அவங்களுதுதானே.

மூன்றாம் நாள் வந்தார். நாங்கள் சூழ்ந்துகொண்டோம். "குடுத்துட்டீங்களா பாய்? என்ன சொன்னாங்க?"

"மறந்து விடலையாம்த்தா. வேணும்னேதான் விட்டுட்டுப் போனாங்களாம். 'பாட்டில விட்டாத்தான நீங்க வருவீங்க'ன்னு சிரிக்கிறாங்க." பாய்க்கு அதில் கொஞ்சம் அவமானம், நிறையப் பெருமை. சட்டைப் பையிலிருந்து புதிய பென் டிரைவ் ஒன்றை எடுத்தார். "இது நமக்குன்னு குடுத்தது. அமானிதம் இல்ல. நம்ம பொருளு."

அதைப் பாட்டுப் பெட்டியில் செருகினார். முந்தலில் தொடங்கியது. பன்னிரண்டாம் வளைவில் குலவை. மெட்டில் டீ. ஆறாவது முடிந்தது, அடுத்து எட்டாவது என்று பழக்கத்தில் ஒச்சம்மா அக்கா பாட்டை நிறுத்தக் கை நீட்டினார். அதற்குள் ஏழாவது ஆரம்பித்துவிட்டது. பாடியது நாங்கள். பின்னால் பனிக்காற்று, யாரோ இருமுவது, பாய் உதட்டுக்குள் எண்ணுவதுகூடக் கேட்டது. பாட்டு முடிந்தது. சீட்டு கிறீச்சிட்டது. பெட்டிக்குள்ளிருந்து ஒச்சம்மா அக்காவின் குரல் தண்ணீர் கேட்டது.

வெளியே இருந்த ஒச்சம்மா அக்கா ஒரு கணம் திகைத்துப்போனார். பிறகு தன் பாட்டிலை எடுத்து, பாட்டுப் பெட்டிக்கு நேரே நீட்டி, மெட்டே அதிரக் கத்தினார்:

"இந்தா ஆத்தா, குடி!"